திரைப்பட டைட்டில், டிரெய்லர் வடிவமைப்பாளர்களில் உங்களை மிகவும் பாதித்தவர் யார்?

பாப்லோ ஃபெர்ரோ. இந்தக் கேள்விக்குப் பலரும் சால் பாஸைத்தான் சொல்வார்கள். அவருடைய மேதைமையில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் குறும்படங்களுக்கு டைட்டில் செய்துவரும் என்னைக் கணினியிலிருந்து எழுப்பிப் பேனாவை எடுக்கவைத்தவர் ஃபெர்ரோ.

சினிமாவுக்குக் கிளம்பும்போதெல்லாம் அப்பா அவசரப்படுத்துவார். எழுத்து போடுவதற்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும் அவருக்கு. அந்த எழுத்துக்காகவும் ஒருவர் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார் என்பது, ஸ்டான்லி குப்ரிக்கின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' (1964) பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது. நடுவானில் ஒரு பி-52 குண்டுவீச்சு விமானத்துக்கு இன்னொரு விமானம் எரிபொருள் ஊட்டுகிறது. பின்னணியில் காதல் பாட்டின் மெட்டு. அதன்மேல் திரை முழுக்கக் கையெழுத்து! ஒரு சொல் பனைமரம்போல் நெடுநெடுவென்று நிற்கிறது, பக்கத்துச் சொல் குட்டையாக இருக்கிறது. கோடுகள் மெல்லியவை என்பதால் விமானம் மறையவே இல்லை. பெயரையும் படிக்கிறோம், படத்தையும் பார்க்கிறோம். காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். நாவலைத் தழுவியது என்று சொல்லும் இடத்தில் 'பேஸ்ட் ஆன்' என்பது 'பேஸ் ஆன்' என்றே இருக்கிறது, ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. மனிதக் கை எழுதியது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? எனக்கு அந்த இடம் அவ்வளவு பிடிக்கும்.

அந்த எழுத்துகளை எழுதிய ஃபெர்ரோ 1935இல் கியூபாவில் பிறந்து, சிறுவயதில் நியூயார்க் வந்தவர். அனிமேஷனை ஒரு புத்தகத்தை வைத்துத் தானாகவே கற்றுக்கொண்டார். அவருடைய தொலைக்காட்சி விளம்பரங்களின் வேகத்தைப் பார்த்துத்தான் குப்ரிக் அழைத்தார். அந்தப் படத்தின் டிரெய்லரில் ஒரு சொல், ஒரு காட்சித் துண்டு, மறுபடி ஒரு சொல் என்று வெட்டி வெட்டிப் போகும். சொற்களைக் கோத்து வாக்கியமாக்குவது பார்ப்பவரின் வேலை. கதை சொல்லிக் கூப்பிடாமல், நம்மைப் பங்கெடுக்கவைத்துக் கூப்பிடுகிற டிரெய்லர் அது. 1971இல் குப்ரிக்கின் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' டிரெய்லரில் இதே உத்தியை இத்தாலிய இசையமைப்பாளர் ரோஸினியின் இசைக்கு ஈடான வேகத்தில் ஓட்டினார். இடையில், 1968இல், 'த தாமஸ் கிரவுன் அஃபேர்' படத்துக்காகத் திரையைப் பல கட்டங்களாகப் பிரித்துக் காட்டியதும் அவர்தான். 1997இல் 'மென் இன் பிளாக்' படத்துக்கு எழுத்து போட்டபோதும் அதே மெல்லிய கையெழுத்து.

அந்தப் பாணியைத் தமிழில் எழுத முயன்றபோதுதான் அதன் கஷ்டம் புரிந்தது. ஆங்கில எழுத்துகளில் நேர்கோடுகள் அதிகம், இழுத்தால் நீளும். நம் மூன்று சுழி 'ண'வை இழுத்தால் சுழிகள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தாள் தாளாகக் கிழித்துப் போட்டேன். கடைசியில் சுழிகளை அவற்றின் அளவிலேயே விட்டுவிட்டு, வலப்பக்கக் காலை மட்டும் திரையின் அடிவரை இறக்கினேன். எழுத்து நின்றது.