சப்போரோ, பனி, அம்மா – ஒரு கடிதம்

அக்கா வணக்கம்,

ஜப்பான்ல வடக்க ஹொக்கைடோ தீவுல இருக்குற சப்போரோ ஊரப் பத்தி நீங்க எழுதுன கட்டுரை படிச்சேன். சின்னதா ஒரு கோவம். அவ்ளோ நீளமா எழுதிட்டு பனியப் பத்தி ஒரே ஒரு வரி, மிச்சமெல்லாம் சாப்பாடும் கடையும்தான். அவ்ளோ தூரம் போய் பூமிக்கு அடியில கடை பாத்துட்டு வர்றதுக்கு எங்க ஊர்லயே மால் இருக்கே? ஏன் கேக்குறேன்னா வர்ற ஜனவரி ஆபீஸ் வேலையா அங்க போறேன், அம்மாவும் கூட வர்றாங்க. எனக்கு லீவு ஒரே ஒரு நாள். அம்மா சுத்த சைவம், 63 வயசு, ஊட்டி குளிருக்கே காதுல பஞ்சு வைக்கிறவங்க. அந்த ஒரு நாள எப்படி ஓட்டுறது? பேர் போடாதீங்க, அம்மாவும் இந்தப் பக்கம் படிப்பாங்க.

– ஒரு வாசகி, கோவை

*

அன்புள்ள வாசகிக்கு,

கோவம் நியாயம்தான், ஆனா பனியப் பத்தி எழுதாததுக்கு ஒரு காரணம் இருக்கு. சப்போரோல பனிய நின்னு பாக்குறது பத்து நிமிஷம், அதுக்கு மேல மூக்கு இருக்குதா இல்லையான்னு தொட்டுப் பாக்க வேண்டியிருக்கும். வருஷத்துக்கு 5 மீட்டர் கிட்ட பனி கொட்டுற ஊரு, கிட்டத்தட்ட 20 லட்சம் பேர் இருக்காங்க, அவங்க யாரும் ஜன்னல் வழியா அத ரசிச்சுட்டு உக்காந்திருக்கல, வெளிய வர்றாங்க, உள்ள போறாங்க, திரும்ப வெளிய வர்றாங்க. அந்த ஊர்ல பசி எடுக்குறதே இப்படி உள்ள வெளியன்னு அலையுறதாலதான். சும்மா நூறடி நடந்தாலே வயிறு காலி ஆகிடும்.

அந்த பூமிக்கு அடியில இருக்குற வழிய மால்னு சொல்லிட்டீங்க, எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. 1972 குளிர்கால ஒலிம்பிக் அங்க நடந்துச்சு, அதுக்கு முந்தின வருஷம்தான் மெட்ரோவோட சேத்து ஊர் நடுவுல இருக்குற ஓதோரி பக்கம் ரெண்டு பாதாளக் கடைத்தெரு தொறந்தாங்க, 2011ல சப்போரோ ரயில் ஸ்டேஷன்லருந்து ஓதோரி வரைக்கும் 520 மீட்டருக்கு அகலமா ஒரு நடைபாதை போட்டு எல்லாத்தையும் இணைச்சுட்டாங்க. இப்ப ஸ்டேஷன்ல இறங்குனா ராத்திரிக் கடைங்க நிறைஞ்ச சுசுகினோ பகுதி வரைக்கும் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் தலையில ஒரு துளி பனி படாம போகலாம். அங்க பெஞ்ச் போட்டிருக்கு, காசு கிடையாது, வயசானவங்க காலைல வந்து உக்காந்து பேப்பர் படிக்கிறாங்க. மேல தெரு வழுக்குதுல்ல, அவங்க வாக்கிங் போறதே இங்கதான். உங்க அம்மாவுக்கு இதுதான் பேஸ் கேம்ப்.

மேல தெருவுல நடக்குறதப் பத்தி சொல்லணும், ஏன்னா நான் விழுந்தேன். சிக்னல் கிராசிங்ல பனிய வண்டி டயர் தேச்சுத் தேச்சு கண்ணாடி மாதிரி ஆக்கி வெச்சிருக்கும், அதுக்கு அவங்க சொல்ற வார்த்த 'ட்சுரு ட்சுரு', நம்ம வழவழ மாதிரி ரெட்டையா சொல்ற வார்த்ததான். நான் விழுந்து எந்திரிச்சு தட்டிட்டு நிக்கிறேன், ஒரு பாட்டி ரோட்டோரம் இருந்த பெட்டியத் தொறந்து ஒரு பை எடுத்தாங்க, உள்ள பொடிக்கல், பையக் கிழிச்சு கோலப்பொடி தூவுற மாதிரி கை ஓரத்தால அந்த இடத்துல மட்டும் தூவிட்டு, பைய மடிச்சு வெச்சுட்டு, அவங்க பாட்டுக்குப் போயிட்டாங்க. அந்தப் பெட்டி ஊர்க்காரங்க யார் வேணா எடுத்துத் தூவத்தான் வெச்சிருக்கு. அதனால உங்க முதல் ஷாப்பிங் செருப்புக்கு அடியில மாட்டுற முள்ளுப்பட்டை, சூவுல இழுத்து மாட்டிக்கலாம், கடைக்குள்ள போகும்போது கழட்டிடணும், இல்லேன்னா டைல்ஸ்ல அது இன்னும் மோசமா வழுக்கும். அடி சின்னச் சின்னதா வெச்சு, பாதத்த முழுசா ஊனி நடக்கச் சொல்லுங்க.

இப்ப சாப்பாடு. சைவம்னா ஜப்பான்ல கஷ்டம்தான், பூசி மெழுக விரும்பல. மிசோங்கிற சோயா விழுதுல வைக்கிற சூப்புல மீன் சாறு இருக்கும், நூடுல்ஸ்ல இருக்கும், காய்கறி பொரியல் மாதிரி தெரியுறதுல கூட இருக்கும். 'நிகு மோ சகானா மோ தாபேமாசென்'னு, கறியும் மீனும் சாப்பிட மாட்டோம்னு, ஜப்பானிய எழுத்துலயே ஒரு சீட்டு எழுதி வெச்சுக்கோங்க, 'மீன் சாறும் வேண்டாம்'னு கீழ ஒரு வரி சேருங்க. மீன் மார்க்கெட்டு, நண்டு, இதெல்லாம் இந்தத் தடவ விட்டுருங்க.

ஆனா சூப் கறிய விடாதீங்க, இந்தக் 'கறி' இறைச்சி இல்ல, குழம்பு. அந்த ஊர்லயே பொறந்த சாப்பாடு அது, 1970கள்ல அஜந்தான்னு ஒரு கடை மூலிகை போட்ட தண்ணிக் குழம்பு ஒண்ண வித்திருக்கு, 'சூப் கறி'ங்கிற பேரு 1993ல ஆரம்பிச்ச மேஜிக் ஸ்பைஸ்னு இன்னொரு கடையால ஊரு பூரா பரவுச்சு. ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவுல ஒண்ணு, அதுல பாதி கேரட் ஒரே துண்டா, பூசணிக்காய் தோலோட, கத்திரிக்கா, வெண்டைக்கா எல்லாம் பொரிச்சுப் போட்டு வரும், சோறு தனித் தட்டுல. குழம்ப சோத்து மேல ஊத்தக்கூடாதாம், சோத்த ஸ்பூன்ல எடுத்து குழம்புல முக்கித் திங்கணும், நான் மொத ரெண்டு வாய் அப்படித் தின்னுட்டு அப்புறம் யாரும் பாக்காதப்ப ஊத்திப் பிசைஞ்சுட்டேன். காரம் நாமளே தேர்ந்தெடுக்கணும், அந்த மேஜிக் ஸ்பைஸ்ல காரத்துக்கு விழிப்பு, தியானம்னு ஆரம்பிச்சு நடுவுல நிர்வாணம்னு ஒரு லெவல் இருக்கு, புத்தர் நிர்வாணம்தான், ஆனா அம்மாகிட்ட மொழிபெயர்த்து சொல்லும்போது பாத்து சொல்லுங்க. ஒண்ணு கவனம், காய்கறி சூப் கறின்னு போட்டிருந்தாலும் அடியில கோழிச் சாறா இருக்கும், சைவச் சாறு தனியா வெச்சிருக்குற கடைகளும் இருக்கு, முன்னாடியே தேடி வெச்சுட்டுப் போங்க, அங்க போய் வாசல்ல நின்னு தேடாதீங்க, விரல் போன்ல வேல செய்யாது.

சாயங்காலம் நாலரை வாக்குல இருட்ட ஆரம்பிச்சிடும், அத நாள் முடிஞ்சுருச்சுன்னு நெனச்சு ஹோட்டலுக்குத் திரும்பிடாதீங்க. தனுகிகோஜின்னு கூரை போட்ட கடைத்தெரு, 900 மீட்டர், பழசும் புதுசுமா கலந்து இருக்கும், அங்க கொம்பு வாங்குங்க. காஞ்ச கடல்பாசி, ஜப்பான் கொம்புல பெரும்பகுதி ஹொக்கைடோ கடல்லருந்துதான் வருது. மீன் இல்லாம சாறுக்கு ருசி குடுக்குறது இதுதான், 1908ல இகேதா கிகுனாயேங்கிற விஞ்ஞானி கொம்புச் சாறுலருந்துதான் 'உமாமி'ங்கிற ருசியப் பிரிச்சு எடுத்தாரு. சைவ அம்மாவுக்கு இதவிட நல்ல சாமான் அந்த ஊர்ல எனக்குத் தெரியல. மேல வெள்ளையா பொடி படிஞ்சிருக்கும். நான் பூஞ்சைன்னு நெனச்சு வீட்ல குழாயடியில தேய்தேய்னு தேச்சுக் கழுவிட்டேன், ருசியோட சேந்து வர்ற மேனிட்டால்னு சர்க்கரை மாதிரி ஒரு பொருள் அது. ஈரத்துணியால லேசா தொடச்சா போதும். பச்சத்தண்ணில ஊறப்போட்டு, கொதி வர்றதுக்கு முன்னாடி எடுத்துரணும். அந்தத் தண்ணில ரசம் வெச்சுப் பாத்தேன், என் வீட்டுக்காரர் பருப்பு கூடப் போட்டியான்னு கேட்டாரு.

டிபார்ட்மென்ட் ஸ்டோர் அடித்தளத்துல சாப்பாட்டுக் கடைகள் இருக்கும், மூடுற நேரம் நெருங்கும்போது அங்க போய் நில்லுங்க. ஒரு ஊழியர் ஸ்டிக்கர் கட்டோட வருவாரு, மொதல்ல 20 சதவீதம் தள்ளுபடி, அப்புறம் 'ஹங்காகு', அதாவது பாதி விலை. அதுவரைக்கும் யாரும் எதையும் எடுக்க மாட்டாங்க, எல்லாரும் வேற எதையோ பாக்குற மாதிரி நின்னுட்டு இருப்பாங்க, ஸ்டிக்கர் ஒட்டுன அடுத்த நொடி பெட்டி காணாமப் போயிடும். எந்த ஊரா இருந்தா என்ன, நம்ம ஆளுங்கதான்.

அப்புறம் ஐஸ்கிரீம். சிரிக்காதீங்க. ஜப்பான் பால்ல பாதிக்கு மேல ஹொக்கைடோலருந்துதான், கடைக்குள்ள ஹீட்டர் போட்டு நம்ம மார்கழி மத்தியானம் மாதிரி வெச்சிருப்பாங்க, கோட்டக் கழட்டிட்டு வேர்வையோட பார்ஃபே, அதாவது உயரமான கண்ணாடிக் கப்புல அடுக்கித் தர்ற ஐஸ்கிரீம், திங்கிற கூட்டம் ராத்திரி பத்து மணிக்கும் இருக்கும். அம்மா ஜலதோஷம் பிடிக்கும்பாங்க, பக்கத்துல ஒரு ஸ்பூன் வெச்சுட்டு நீங்க உங்க பாட்டுக்கு சாப்பிடுங்க.

அவங்களுக்கு வெளிய போறதுக்கு முன்னாடி சூப்பர்மார்க்கெட் வாசல்ல சுட்டு வெச்சிருக்குற சக்கரவள்ளிக் கிழங்கு ஒண்ணு வாங்கிக் குடுத்துருங்க. தோலு வெடிச்சு பாகு கசிஞ்சு பேப்பர் பைல ஒட்டியிருக்கும், கோட்டுப் பாக்கெட்ல போட்டா பத்து நிமிஷம் கை சுடும், அந்தப் பத்து நிமிஷம்தான் நான் சொன்ன பனி பாக்குற நேரம், ஓதோரி பார்க்ல போய் நில்லுங்க. ஆறிட்டா தின்னுட்டு கீழ இறங்கிடுங்க.

இன்னொண்ணு, அங்க விக்கிற ஒட்டுற சூட்டுப் பொட்டலத்த துணி மேலதான் ஒட்டணும், தோல்ல ஒட்டுனா கொப்புளம் போட்டுரும். அம்மாவுக்கு இடுப்புப் பக்கம் ஒண்ணு. காதுக்கு பஞ்சே வெச்சுக்கட்டும், யாரும் பாக்க மாட்டாங்க, எல்லாரும் தொப்பிதான்.