கரை உடைந்த மீன் குளம்: கையிருப்பை எதில் முதலில் போடுவது?

கேள்வி: வீடு ஊத்துக்கோட்டையில். நிலம் எல்லை தாண்டி ஆந்திராவில், சுருட்டப்பள்ளிப் பக்கம் மூன்று ஏக்கர். ஆரணியாற்று வெள்ளத்தில் இரண்டு மீன் குளங்களில் ஒன்றின் கரை 12 அடி உடைந்து கட்லா, ரோகு எல்லாம் போய்விட்டன. ஒரு ஏக்கர் நெல் வயலில் முக்கால் அடி மணல். கையில் 1.5 லட்சம், கிசான் கார்டு கடன் 1.2 லட்சம். நகையை அடகு வைத்து மீன் குஞ்சு விடலாமா?

பதில்: வேண்டாம். குஞ்சு கடைசி வேலை. ஜேசிபியை இறக்குவதற்கு முன் உடைப்பையும் மணலையும் டேப் வைத்து அளந்து, தேதியும் இடமும் பதியும்படி படம் எடுங்கள். சீர்படுத்திய பிறகு வரும் அலுவலர் எதைப் பார்த்து எழுதுவார்?

நிவாரணம் வீட்டு முகவரிக்குக் கிடையாது, நிலத்தின் சர்வே எண்ணுக்குத்தான். ஊத்துக்கோட்டை தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்தால் நாள்தான் போகும். நாகலாபுரம் மண்டலத் தாசில்தாரிடம் நிலப் பாஸ்புக், அடங்கல் (சாகுபடிப் பதிவு) நகலுடன் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நெல் ஈ-கிராப்பில் (ஆந்திர அரசின் பயிர்ப் பதிவு) ஏறியிருக்கிறதா என்று ரைது சேவா கேந்திரத்தில் பாருங்கள். குளத்துக்கு மீன்வளத்துறையில் தனி மனு.

வருவது பெரிய தொகை அல்ல. மத்திய அரசின் 2022–26 பேரிடர் நிவாரண விதியில், மூன்று அங்குலத்துக்கு மேல் மணல் படிந்த நிலத்தைச் சீராக்க ஹெக்டேருக்கு 18,000 ரூபாய், அதாவது ஏக்கருக்குச் சுமார் 7,300. மீன் பண்ணையைச் சீராக்கவும் அதே விகிதம். உங்கள் வயலில் கிடப்பதோ ஏறத்தாழ 327 யூனிட் மணல் (ஒரு யூனிட் 100 கன அடி). டிராக்டருக்கு ஒரு யூனிட் என்றாலும் 327 நடை! முழுவதையும் வெளியேற்றக் கணக்கு கட்டாது. பாதி வயலை மட்டும் மீட்டு, மணலை மேட்டு ஓரத்தில் ஒதுக்குங்கள். அனுமதி இல்லாமல் விற்றால் வண்டி பறிமுதலாகும்.

கையிருப்பில் 50,000 வீட்டுச் செலவுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியைக் கரை வேலைக்கும், மிகைநீர் வழிந்தோடும் கலிங்குக்கும் வையுங்கள். கரை உடைவது பெரும்பாலும் நீர் மேலேறி வழிந்து, வெளிச்சரிவை அடியிலிருந்து அரிப்பதால். மீன் தப்பாமலிருக்கக் கலிங்கில் கட்டும் வலையில் சருகு அடைத்துக்கொண்டு நீர்மட்டம் ஏறுவதும் இதற்கு முக்கியக் காரணம். கலிங்கு கரை உச்சியைவிட இரண்டடி தாழ்ந்து, அகலமாக, கல் பதித்து இருக்கட்டும். வலையைச் சாய்த்து, பெரிய கண்ணுள்ளதாகக் கட்டி, மழைக்காலத்தில் தினமும் சருகு நீக்குங்கள். உடைப்பில் ஆற்று மணலைக் கொட்டி மூடாதீர்கள், ஒழுகும். உடைப்பின் இருபுறமும் நிற்கும் பழைய கரையைப் படிபடியாக வெட்டி, களிமண்ணை அரை அடி அடுக்காகப் போட்டு ஈரத்தோடு திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும்.

இரண்டாவது குளத்தில் கரை நின்றாலும் வெள்ளத்தோடு விரால், கெளுத்தி புகுந்திருக்கும். வலை வீசிப் பாருங்கள். இருந்தால் குஞ்சு விட்ட காசு அவற்றின் வயிற்றுக்குத்தான். இலுப்பைப் புண்ணாக்கு போடுவதானால் ஒரு மீட்டர் ஆழத்தில் ஏக்கருக்கு ஒரு டன் ஆகும். அதைவிட நீரை வடித்துக் காயவிட்டு, ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ சுண்ணாம்பு தூவுவது மலிவு.

கடனுக்கு வங்கியில் இப்போதே எழுத்து மூலம் மறுசீரமைப்பு கேளுங்கள். பயிர் இழப்பு 33 சதவீதமோ அதற்கு மேலோ என அரசு அறிவித்தால், குறுகிய காலக் கடனைத் தவணைக் கடனாக மாற்ற வழி உண்டு. ஆனால் வெள்ளத்துக்கு முன்பே தவணை தவறியிருந்தால் கிடைப்பது கடினம். மனுவின் நகலில் கிளை முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.