‘கேரி’ (carry, சுமந்துபோவது) என்ற ஆங்கில வினைக்கு இந்தோனேசிய மொழியில் எந்தச் சொல்?

வேலைக்காக இந்தோனேசியா போகிறேன், ‘கேரி’ என்று தேடினால் அகராதி பத்துச் சொல் காட்டுகிறது, எதைப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரத்துக்கு ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் ‘பாவா’. எழுத்தில் ‘மெம்பாவா’. குடை கொண்டுபோவது, நண்பனைக் கூட்டிவருவது, கொசு நோயைக் கொண்டுவருவது எல்லாவற்றுக்கும் இது செல்லும். பேச்சில் கார் ஓட்டுவதைக்கூட ‘பாவா’ என்பார்கள். தவறாகப் போக வழியே இல்லாத சொல்.

அதற்கு மேல் போனால்தான் வம்பு. சோலோ நகரத்துப் பக்கம் ஒரு நூல் மில்லில் நான்கு வருடம் இருந்தேன். சேர்ந்த புதிதில், கோன் பெட்டிகளை லாரிக்குத் தூக்கிப்போகும்படி குடோன் பையன்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. முந்தின நாள்தான் பக்கத்து வீட்டுப் பாட்டி பேரனைத் தூக்கிக்கொண்டு ‘கெண்டோங்’ என்று ஏதோ சொன்னதைக் கேட்டிருந்தேன். தூக்குவதுதானே என்று அதையே எடுத்துவிட்டேன். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் பெட்டியை மார்போடு அணைத்து, தாலாட்டுவது போல ஆட்டிக்கொண்டே நடந்தான். மாண்டோர் (மேஸ்திரிக்கு அங்கே அதுதான் பெயர்) அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்: “பெட்டி அழாது, பாக் (ஐயா). ‘ஆங்குட்’ என்று சொல்லுங்கள்.”

அன்றைக்குப் புரிந்தது. ஆங்கிலம் ‘கேரி’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். இந்தோனேசிய மொழியோ எதை, உடம்பில் எங்கே வைத்து, எத்தனை பேர் சேர்ந்து என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் சொல்லைக் கொடுக்கும். துணியில் கட்டியோ கையால் அணைத்தோ குழந்தையைத் தூக்கினால் கெண்டோங். பைபோலத் தொங்கவிட்டுக் கையில் பிடித்துப்போனால் ஜின்ஜிங். தலையில் வைத்தால் ஜுன்ஜுங். வாரைத் தோளில் மாட்டினால் சாண்டாங். சரக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஏற்றிப் போவது ஆங்குட். ஜாவாவில் மூலிகைக் கஷாயம் விற்கிற பெண்கள் பாட்டில் கூடையைச் சேலைத்துணி மாதிரி ஒன்றில் கட்டி முதுகில் சுமப்பார்கள். அவர்கள் விற்பதற்கே ‘ஜாமு கெண்டோங்’ என்று பெயர். கஷாயத்தைக் குழந்தை மாதிரி தூக்கலாம், நூல் கோனைக் கூடாது! (ஜாமு மரபை 2023இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.)

தோளில் சுமப்பதற்கு ‘பிக்குல்’. தண்டின் இரு முனையிலும் பாரம் தொங்கும். நம் காவடித் தண்டேதான். ஈழத்தில் இன்றும் ‘காவிக்கொண்டு போ’ என்கிறார்களே, அந்தக் காவுதலை நினைத்துக்கொள்ளுங்கள், பிக்குல் மறக்காது. ஓர் ஆள் சுமக்கக்கூடிய பாரம் என்ற கணக்கில் பிக்குல் என்பது பழைய எடை அளவும்கூட, சுமார் 60 கிலோ. கிழக்கு ஜாவாவின் ஈஜென் எரிமலையில் கந்தகம் வெட்டுகிறவர்கள் இரண்டு கூடையில் 70 கிலோவுக்கு மேல் பிக்குல் செய்து ஏறி இறங்குவார்கள். அந்த ஆட்களின் தோளைப் படத்தில் பார்த்தாலே போதும், சொல்லின் பொருள் தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘கோத்தோங்’. ஒருவரால் ஆகாத பாரத்தைப் பலர் சேர்ந்து தூக்குவது. அதிலிருந்துதான் ‘கோத்தோங் ரோயோங்’, ஊர்கூடி வேலை செய்வது. 1945 ஜூன் 1 அன்று நாட்டின் அடிப்படையாகப் பஞ்சசீலம் என்ற ஐந்து கொள்கைகளை முன்வைத்த உரையில் சுகர்னோ (பின்னால் முதல் அதிபர் ஆனவர்), ஐந்தை மூன்றாகச் சுருக்கலாம், மூன்றை ஒன்றாகவும் சுருக்கலாம், அந்த ஒன்று கோத்தோங் ரோயோங் என்றார். பாரம் தூக்கும்போது ஜாவாக்காரர்கள் போடுகிற ‘ஹோலோபிஸ் குந்துல் பாரிஸ்’ என்ற கூவலும் அந்த உரையில் வருகிறது. அரசியல் சாசனம் பேசுகிற சபையில் ஐலசா!

இந்தச் சொற்கள் எல்லாம் உடம்பிலிருந்து கிளம்பிச் செய்தித்தாளுக்கும் போயிருக்கின்றன, அங்கேதான் அகராதி நம்மைக் குழப்பும். ‘ஊசுங்’ என்றால் பல்லக்கைப் போலத் தூக்கிப் போவது. தேர்தல் நேரத்தில் வேட்பாளரை நிறுத்துகிற கட்சி ‘பர்த்தாய் பெங்ஊசுங்’, பல்லக்குத் தூக்கும் கட்சி. நம் ஊரில் அப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள். ‘டுக்குங்’ குழந்தையை இடுப்பிலோ முதுகிலோ வைத்துக்கொள்வது. இன்றைக்கு இந்தோனேசியாவில் அதற்கு ஆதரிப்பது என்பதே முதல் பொருள். வாரை மாட்டுகிற சாண்டாங், பட்டத்தையோ நிலையையோ தாங்குவதற்கும் வரும். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டத்தின் தலைப்பிலேயே ‘பெஞாண்டாங்’ (தாங்குபவர்) இருக்கிறது.

அந்தப் ‘பெஞாண்டாங்’கில் சாண்டாங் எங்கே என்று தேடுவீர்கள். முன்னொட்டு சேரும்போது பிக்குல் ‘மெமிக்குல்’ ஆகும், சாண்டாங் ‘மெஞாண்டாங்’ ஆகும். முதல் மெய் கரைந்து மூக்கொலி வந்து உட்கார்ந்துகொள்ளும். அகராதியில் வேர்ச்சொல்லைத்தான் தேட வேண்டும். புணர்ச்சி விதிக்கு அடிவாங்கிப் படித்த நமக்கு இது ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ஆங்கிலத்தில் ‘கேரி’க்குப் பின்னால் ‘அவுட்’, ‘ஆன்’ எல்லாம் ஒட்டினால் சுமையே கிடையாது: நிறைவேற்று என்பதற்கு ‘மெலக்சனாக்கான்’, தொடர் என்பதற்கு ‘மெலன்ஜுத்கான்’. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், வேறு வழியில்லை.

சொற்களை நினைவில் வைக்க எனக்கு உதவியது அவர்களின் ஒரு பழமொழி: ‘பெராட் சாமா டிபிக்குல், ரிங்கான் சாமா டிஜின்ஜிங்.’ கனமானதைச் சேர்ந்து தோளில் சுமப்போம், இலேசானதையும் சேர்ந்தே கையில் பிடிப்போம். தோளும் கையும் ஒரே வரியில் வந்துவிட்டன.

அப்புறம், ‘கேரி’ என்று அந்த ஊரில் வாய்விட்டுச் சொன்னால் யாருக்கும் வினைச்சொல் ஞாபகம் வராது. சுசூக்கி கேரி வேன்தான் வரும். பல ஊர்களில் ஷேர் ஆட்டோ மாதிரி ஓடுகிற ‘ஆங்கோட்’ அந்த வண்டிதான். ஆங்கோட் என்பது ‘ஆங்குட்டான் கோத்தா’வின் சுருக்கம், நகரத்துக்குள் ஆளை ஏற்றிப் போவது. எங்கள் மாண்டோர் சொல்லிக்கொடுத்த அதே ஆங்குட்.