பங்கீட்டு வலுப் பிணைப்பு என்றால் என்ன?

இரண்டு அணுக்கள் ஒரு சோடி இலத்திரன்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு சேர்ந்து நிற்பதுதான் பங்கீட்டு வலுப் பிணைப்பு. 1916இல் அமெரிக்க இரசாயனவியலாளர் கில்பேர்ட் லூயிஸ் முன்வைத்த விளக்கம் இது.

ஏன் பங்கிட வேண்டும்? ஐதரசன் அணுவிடம் இருப்பது ஒரேயொரு இலத்திரன். அதன் ஓடு (கருவைச் சுற்றி இலத்திரன்கள் இருக்கும் மட்டம்) நிரம்ப இரண்டு வேண்டும். இரண்டு ஐதரசன் அணுக்கள் நெருங்கினால், நடுவில் வரும் இலத்திரன் சோடியை இரு கருக்களும் இழுக்கும். நேர், மறை ஏற்றங்களின் கவர்ச்சிதான், வேறொன்றுமில்லை. அதனால் சக்தி குறைந்து இரண்டும் உறுதியாகின்றன. அணுவுக்கு ‘ஓடு நிரம்ப ஆசை’ என்று ஓ/எல் வகுப்பில் சொல்வது மனப்பாடத்துக்கு நல்லது; உண்மையான காரணம் இந்தச் சக்திக் குறைவு. ஒரு மூல் (ஏறத்தாழ 2 கிராம்) ஐதரசனில் அந்தப் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 436 கிலோயூல் வேண்டும்.

மட்டக்களப்பில் இரண்டு வளவுக்கு நடுவே, வேலிக் கோட்டிலேயே கட்டிய பங்குக் கிணற்றை நினையுங்கள். நிலம் ஆளுக்குப் பாதி. ஆனால் இரு வீட்டுக்காரரும் முழுக் கிணற்றிலும் அள்ளுவார்கள். பங்கிட்ட இலத்திரன் சோடியும் அப்படித்தான், இரு அணுக்களுக்கும் முழுதாகவே கணக்கு.

ஒட்சிசனுக்கு இன்னும் இரண்டு இலத்திரன் தேவை. ஆகவே இரண்டு ஐதரசனோடு பங்கு வைக்கிறது, தண்ணீர் கிடைக்கிறது. (அங்கே பங்கு சமமில்லை, சோடி ஒட்சிசன் பக்கம் சற்றுக் கூடவே இழுபடும்.)

தண்ணீர் கொதிக்கும்போது இந்தப் பிணைப்பு உடைவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஒன்றைவிட்டொன்று விலகுவது மூலக்கூறுகள்தான், ஆவியிலும் ஐதரசனும் ஒட்சிசனும் பிரியாமலே இருக்கின்றன.