டேங்க்கை உயர்த்திய பிறகு கீழ்க் குழாயில் தண்ணீர் சீறுகிறது: வால்வு வாங்கலாமா?

கேள்வி: காரைக்குடியில் எங்களுடையது மாடியுள்ள பழைய வீடு. மாடியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்ததால், இரும்பு ஸ்டாண்டு போட்டு டேங்க்கை உயர்த்தி வைத்தோம். இப்போது மாடியில் பிரச்சினை இல்லை. கீழே இரண்டாம் கட்டை ஒட்டிய குளியலறையில் குழாயைத் திறந்தாலே பேசினிலிருந்து தெறித்து, வெளியே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வரை நனைகிறது. அப்பத்தா வழுக்கி விழுந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. கடைக்காரர் பிரஷர் குறைக்கும் வால்வு வாங்கச் சொல்கிறார், விலை மூவாயிரத்துக்கு மேல். பிளம்பரோ டேங்க் அடியில் இருக்கிற கேட் வால்வைப் பாதி மூடினால் போதும் என்கிறார். எதைக் கேட்பது?

பதில்: இரண்டுமே வேண்டாம். முதலில் உங்கள் வீட்டில் உண்மையில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று பாருங்கள். டேங்க்கின் தண்ணீர் மட்டத்துக்கும் குழாய்க்கும் இடையே சுமார் 33 அடி உயரம் இருந்தால் 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். செட்டிநாட்டு வீடுகளில் கூரை உயரம் அதிகம். ஸ்டாண்டையும் சேர்த்து 40 அடி என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் 1.2 பார்தான். குழாய்க்கோ பைப்புக்கோ இது அதிகமே இல்லை. வீட்டுக்கென்று விற்கும் பிரஷர் வால்வுகளில் பல 3 பாருக்கு வைத்தே கம்பெனியிலிருந்து வருகின்றன. 1.2 பார் வருகிற லைனில் அதை மாட்டினால் அது குறைப்பதற்கு ஒன்றுமே இருக்காது. அந்த மூவாயிரத்தைச் செலவழிக்காதீர்கள்.

கேட் வால்வைப் பாதி மூடினால் கீழே குறையும், மாடியிலும் சேர்ந்தே குறையும். எதற்காக டேங்க்கை உயர்த்தினீர்களோ அதுவே வீணாகும். கேட் வால்வு முழுக்கத் திறக்கவோ முழுக்க மூடவோ செய்யப்பட்டது. பாதியில் நிறுத்தி வைத்தால் உள்ளே இருக்கும் தகடு அதிர்ந்து தேய்ந்து, பிறகு சரியாக மூடாது.

பேசினுக்குக் கீழே சுவரில், அந்தக் குழாய்க்கு மட்டும் தண்ணீரை அடைக்கும் சிறிய வால்வு, ஆங்கிள் காக், இருக்கும். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, ஆங்கிள் காக்கை வலப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். தெறிப்பது நின்றதும் விட்டுவிடுங்கள். செலவே இல்லை. வெந்நீரும் தண்ணீரும் கலந்து வரும் மிக்ஸர் என்றால் இரண்டு ஆங்கிள் காக்கையும் ஒரே அளவு திருக வேண்டும்.

அப்புறம் குழாயின் வாயைப் பாருங்கள். வெறும் ஓட்டையாக இருந்தால் தெறிப்புக்கு அதுவே பெரிய காரணம். காற்றைக் கலந்து நுரைபோல் மெதுவாக விழச் செய்யும் சிறிய சல்லடை மூடி ஒன்று உண்டு; கடைகளில் ஏரேட்டர் அல்லது ஃபோம் ஃப்ளோ என்று கேட்டால் தருவார்கள். சில நூறு ரூபாய்க்குள் முடியும். பேசினுக்கு நிமிடத்துக்கு 6 லிட்டர் விடுவது தாராளம். திருகுமரை அளவு குழாய்க்குக் குழாய் மாறும், சில குழாய்களில் மரையே இருக்காது. அதனால் குழாய் வாயை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் குழாயையே கழற்றி எடுத்துப் போவது இன்னும் நல்லது. வாளி நிரப்பும் குழாய்க்கு மட்டும் இதைப் போடாதீர்கள், வாளி நிரம்ப வெகுநேரம் ஆகும். அங்கே குழாயைக் குறைவாகத் திறந்து பழகினாலே போதும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆங்கிள் காக்கும் ஏரேட்டரும் தண்ணீரின் அளவைத்தான் குறைக்கும். குழாயை மூடியவுடன் பைப்புக்குள் பழைய அழுத்தம் அப்படியே வந்துவிடும். உங்களுக்கு அது தொல்லை இல்லை. ஆனால் லைனில் பிரஷர் பம்ப் பூட்டியிருப்பவர்களுக்குக் கதை வேறு. குழாயை மூடும்போது பைப் தட்டென்று அடிப்பது, ஹெல்த் ஃபாசட் ஹோஸ் வெடிப்பது எல்லாம் அங்கே நடக்கும். அவர்கள் பிளம்பரை வைத்து அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்து, முதலில் பம்ப்பின் அழுத்த அளவைக் குறைக்கட்டும். அதிலும் அடங்காவிட்டால்தான் அந்த வால்வு. பழைய சுண்ணாம்புச் சுவருக்குள் பைப் புதைத்திருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. உள்ளே கசிந்தால் சுவர் ஊறிய பிறகுதான் தெரியும்.

கேள்வி: தேவகோட்டையில் வாங்கிய ஏரேட்டரில் இரண்டே மாதத்தில் தண்ணீர் நூல்போல் வருகிறது. கடையில் மாற்றித் தர மாட்டேன் என்கிறார்கள்.

பதில்: போர் தண்ணீர் என்றால் உப்பு அடைத்திருக்கும். கழற்றி ஒரு இரவு வினிகரில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். உப்பு அடைப்புக்குக் கடைக்காரர் பொறுப்பில்லை. பொருளிலேயே குறை என்றால் வேறு: பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் உங்களுக்கு அந்த 30 நாள் கடந்துவிட்டது. ஆனால் வாரண்டி எழுதிக் கொடுத்திருந்தால் அதைக் காட்டிக் கேளுங்கள். அதற்கும் மறுத்தால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள்.