முதலில் கார்டு பாக்கி, பிறகு பெரிய வீடு

கேள்வி: ஒரு படுக்கையறை கொண்ட சொந்த ஃபிளாட்டில் குடியிருக்கிறோம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் இதை விற்றுவிட்டு, மறுவிற்பனைக்கு வந்திருக்கும் 70 லட்ச ரூபாய் ஃபிளாட் ஒன்றை வங்கிக் கடனில் வாங்க நினைக்கிறோம். முன்பணத்துக்காக 6 லட்சம் ரூபாய் ஃபிக்சட் டெபாசிட்டில் இருக்கிறது. கணவரின் கிரெடிட் கார்டில் மூன்றரை லட்சம் பாக்கி. மினிமம் டியூவை (மாதந்தோறும் கட்டாயம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை) தவறாமல் கட்டிவருகிறோம். பழைய வீட்டை விற்ற பிறகு கார்டு பாக்கியை அடைத்துக்கொள்ளலாமா?

- வாசகி, தாம்பரம்

பதில்: அதுவரை காத்திருக்க வேண்டாம். டெபாசிட்டை முறித்து, கார்டு பாக்கியை இந்த மாதமே முழுமையாக அடைத்துவிடுங்கள்.

கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்கள். பல கார்டுகளில் வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. அந்தக் கணக்கில் மூன்றரை லட்சத்துக்கு வட்டி 12,250 ரூபாய். வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 2,205 ரூபாய். பாக்கியில் 5 சதவீதமான 17,500 ரூபாயை மினிமம் டியூவாக நீங்கள் கட்டும்போது அசலில் குறைவது வெறும் 3,045 ரூபாய்தான். பாக்கி நிற்கும்வரை, அதே கார்டில் புதிதாக வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆண்டுக்கு 7 சதவீத அளவில் ஈட்டித்தரும் டெபாசிட்டைக் காப்பாற்றுவதற்காக 42 சதவீத வட்டி கட்டுவது உங்கள் குடும்பத்துக்குப் பெரும் இழப்பு.

இந்தப் பாக்கி வீட்டுக் கடனையும் பாதிக்கும். பல வங்கிகள் கார்டு பாக்கியின் 5 சதவீதத்தை மாதத் தவணையாகவே கருதி, அதைக் கழித்த பிறகுதான் எவ்வளவு கடன் தரலாம் என்று முடிவு செய்கின்றன. எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு லட்சத்துக்குச் சுமார் 868 ரூபாய் தவணை வரும் என்பதால், அந்த 17,500 ரூபாய் ஏறக்குறைய 20 லட்ச ரூபாய் வீட்டுக் கடனுக்கான தவணைக்குச் சமம். கார்டு வரம்பில் பெரும்பகுதி பயன்பாட்டிலேயே இருந்தால் சிபில் ஸ்கோரும் (கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) இறங்கும்; 750-க்குக் கீழே போனால், குறைந்த வட்டியில் கடன் கிடைப்பது கடினம்.

முன்பணம் குறைந்துவிடுமே என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் 70 லட்ச ரூபாய் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதமே தரும் என்பதால், உங்கள் கையிலிருந்து 14 லட்சம் வேண்டும். முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக்கட்டணம் 2 சதவீதமுமாக இன்னும் 6.3 லட்சம் சேரும். 6 லட்சத்தை அப்படியே வைத்திருந்தாலும் பழைய ஃபிளாட் விற்ற பணம் வராமல் இந்த வீட்டை நீங்கள் வாங்க முடியாது. ஆகவே டெபாசிட்டை இப்போது எடுப்பதால் வீடு தள்ளிப்போகாது. மீதமுள்ள இரண்டரை லட்சத்தைத் தொடாமல் வைத்திருங்கள்.

பாக்கியை அடைக்கும்போது, குறைந்த தொகைக்கு ‘செட்டில்மென்ட்’ செய்துகொள்ளலாம் என்று யாராவது அழைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் குறிப்பு சிபில் அறிக்கையில் பல ஆண்டுகள் நின்று, வீட்டுக் கடனுக்கே தடையாகும். முழுத்தொகையைக் கட்டிய அடுத்த ஸ்டேட்மென்ட்டிலும், இடைப்பட்ட நாட்களுக்கான சிறு வட்டி வரக்கூடும், அதையும் கட்டிவிடுங்கள். சிபில் அறிக்கையில் பாக்கி பூஜ்யம் என்று பதிவான பிறகே வீட்டுக் கடனுக்கு விண்ணப்பியுங்கள்.

விற்பனையில் அவசரமும் வேண்டாம். பழைய ஃபிளாட் உங்களிடம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்திருந்தால், விற்ற நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் லாபத்தை வேறொரு வீட்டில் முதலீடு செய்து, நீண்டகால மூலதன ஆதாய வரியிலிருந்து விலக்குப் பெறலாம்.