தண்டுக்கீரை, அரைக்கீரைல அப்படி என்ன சத்து இருக்கு, தினமும் சாப்பிடலாமா?

தாராளமா சாப்பிடலாம்ங்க. தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை எல்லாமே ஒரே அமராந்த் குடும்பம்தான். 100 கிராம் பச்சைக் கீரைல கால்சியம் மட்டும் சுமார் 215 மில்லிகிராம், வைட்டமின் சி 40 மில்லிகிராமுக்கு மேல, வைட்டமின் கே ஒரு நாளைக்குத் தேவையானதை விட பல மடங்கு, இவ்வளவும் வெறும் 23 கலோரில கிடைக்குது, மார்க்கெட்லயும் சீப்பாதான் கிடைக்குது, ஆனா பலபேர் ஒதுக்கி வச்சிடறாங்க, அதான் எனக்கு வருத்தமா இருக்கு.

ஒரு விஷயம், இதுல கால்சியத்தோட ஒட்டிக்கற ஆக்ஸலேட்ங்கற பொருள் ஜாஸ்தி, அதனால கால்சியம் முழுசா உடம்புல சேராது. கிட்னி ஸ்டோன் இருக்கறவங்க கொதிக்கிற தண்ணில வேகவச்சு, அந்தத் தண்ணிய வடிச்சிட்டு அளவா சாப்பிடுங்க. வைட்டமின் கே ரத்தம் உறைய உதவும், அதனால ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை எடுக்கறவங்க திடீர்னு கீரைய கூட்டவோ குறைக்கவோ கூடாது, டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான்.

கீரைல இருக்கற இரும்புச்சத்து சுலபமா உடம்புல ஒட்டாது, அதனால பொரியல இறக்கினதும் கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விடுங்க, சாப்பிட்ட உடனே டீ காபி வேண்டாம். வைட்டமின் ஏ சேரணும்னா ஒரு ஸ்பூன் எண்ணெய் கண்டிப்பா வேணும், எண்ணெயே இல்லாம டயட்னு அவிச்சு சாப்பிடாதீங்க.